மேல்மாடியில் எழுத்து, கீழே பொன்னாடை

1

இந்தக் கிழமை எங்கள் வாசற்கதவின் துவாரத்தால் ஒரு தேர்தல் துண்டுப்பிரசுரம் வந்து விழுந்தது. வழுவழுப்பான தாள். அதில் எங்கள் பகுதிக் கவுன்சிலர் நிற்கிறார். நெற்றியில் விபூதி, கழுத்தில் மாலை, தோளில் ஒன்றுக்குமேல் ஒன்றாகப் பொன்னாடைகள். சுற்றிவர எங்கள் ஆட்கள். கீழே பெரிய எழுத்தில் குடும்பம், நம்பிக்கை, பாரம்பரியம் என்று போட்டிருக்கிறது.

அன்று பின்னேரம் என் மகள் ஆரணி வந்தாள். ஹரோ ஸ்டேஷனடியில் புதிதாகக் கட்டின மாடிவீடொன்றில் அவள் வாடகைக்கு இருக்கிறாள். அவளுடைய கதவாலும் ஒன்று விழுந்திருக்கிறது. அதே மனிதர், அதே கட்சி, அதே கழுத்துப்பட்டி. ஆனால் விபூதி இல்லை, பொன்னாடை இல்லை. நெஞ்சில் வானவில் நிறத்தில் ஒரு ரிப்பன். யாரும் யாரையும் நேசிக்கலாம், நான் உங்கள் பக்கம் என்ற கருத்தில் ஒரு வசனம்.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என் மனைவி பவளம் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தா.

"ஒரு மனுசனுக்கு இத்தனை முகம் எண்டால் காலமை சவரம் எடுத்து முடியவே மத்தியானம் ஆயிடுமே."

நான் ஆட்கள் சொல்வதைப் பொறுக்கி மனதில் வைத்துக்கொள்ளும் சாதி. படிப்பு அதிகம் இல்லை, ஊரில் ஓ.எல். சோதனை எழுத முதல் ஷெல் விழத் தொடங்கிவிட்டது. இங்கே வந்து கன வருசம் பெற்றோல் செட்டில் நின்றபோது, விற்காமல் மிஞ்சின பேப்பர்களை வாசித்துத்தான் ஆங்கிலமும் அரசியலும் படித்தேன். இப்போது ஹரோவில் எங்கள் சங்கத்து மண்டபத்தின் பொறுப்பு என் கையில். திறப்பு, கதிரை, மேசை, சூடாக்கி, எல்லாம் நான். சனிக்கிழமையில் தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையில் சாமத்தியவீடு, கலியாணம், அந்தியேட்டி. எல்லாரும் என்னைத் தேவா அண்ணை என்பார்கள். இளையவர்களுக்கு நான் தேவா மாமா.

பவளம் அந்தப் பிரசுரத்தை மறுசுழற்சிப் பெட்டிக்குள் போட்டுவிட்டா. நான் போய் எடுத்துத் துடைத்து வைத்தேன். அந்தப் படம் எடுத்தது எங்கள் மண்டபத்தில். எடுத்த அன்று என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். இப்போது அதை எழுதலாம் என்று உரியவள் சொல்லிவிட்டாள். பேர்களையும் ஊரையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

அதற்கு முதல் என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு, இங்கே ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி முடிக்கலாம் என்பது தெரியும். யார் கொண்டுவந்தது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. பெரிய மனதுக்காரர்கள் கூடி, கண்ணீர் மல்கக் கொண்டுவந்தது என்று நினைக்காதீர்கள்.

கொண்டுவந்த கட்சி, அதற்கு ஒரு தலைமுறைக்கு முதல், பள்ளிக்கூடமும் கவுன்சிலும் இந்த விஷயத்தை நல்லதாகப் பேசவே கூடாது என்று சட்டம் போட்ட அதே கட்சி. பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது அவர்களின் ஆட்களிலேயே பாதிக்கு மேல் ஓம் என்று சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்தின் கை கொடுத்துத்தான் கரை ஏறியது. நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று பேப்பரில் இதை வாசித்தேன். வாசித்துவிட்டு, இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் செய்யினம் என்று யோசித்தேன்.

அந்த நாட்களில் ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற பெனிபிட் காசை வெட்டினார்கள். நூலகங்கள் பூட்டுப்பட்டன. கல்நெஞ்சுக்காரர் என்ற பேர் அந்தக் கட்சிக்கு ஏற்கனவே இருந்தது. கறைபட்ட சேட்டை மாற்றாமல் மேலே ஒரு புதுக் கோட்டுப் போட்டால் ஆட்களுக்குக் கோட்டுத்தான் தெரியும். இந்தச் சட்டத்துக்குக் கஜானாவில் இருந்து ஒரு சதம் எடுக்கத் தேவையில்லை. இளம் ஆட்களின் நல்ல பேர் சும்மா கிடைக்கும். மற்றக் கட்சி மட்டும் திறமோ? ஆட்சியில் இருந்த காலத்தில் அது கலியாணம் என்ற சொல்லைக் கொடுக்கப் பயந்து, வேறொரு பேரில் அரைக் கதவு திறந்துவிட்டுச் சும்மா இருந்தது. பிறகு இவர்கள் முழுக்கதவைத் திறந்தபோது ஓடிவந்து பக்கத்தில் நின்று கை தட்டியது.

எனக்கு இன்னும் கூடக் கொதி வந்ததற்கு வேறு காரணம். என் தமக்கையின் மகன் ரூபன் அப்போதுதான் ஊரில் போய்க் கலியாணம் முடித்துவிட்டு வந்திருந்தான். அதே அரசாங்கம், அதே காலத்தில், வெளிநாட்டில் இருந்து மனிசியைக் கூப்பிடுவதற்கு இவ்வளவு உழைக்க வேணும் என்று கோடு கீறியது. கிளீனிங் வேலை செய்த ரூபனுக்கு அந்தக் கோடு எட்டவில்லை. மனிசி நல்லூரில், இவன் இங்கே சட்டன் பக்கத்தில் ஒரு அறையில். தன் பிள்ளையின் முதல் பல்லைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தான். கலியாணம் சமுதாயத்தின் அத்திவாரம், இரண்டு பேர் ஒருவருக்கொருவர் உறுதி கொடுப்பது நல்லது, அதனால்தான் இந்தச் சட்டம் என்று மேடையில் பேசியவர்கள், ரூபனுக்கு உன் கலியாணத்துக்கு உன் சம்பளம் காணாது என்று கடிதம் போட்டார்கள். பிறகு அந்தக் கோட்டை இன்னும் உயர்த்தினார்கள்.

"மாமா, நானும் ஒரு பெடியனையே முடிச்சிருக்கலாம் போல," என்று ரூபன் ஒருநாள் சிரித்தான். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது. எந்தப் பெடியனை முடித்தாலும் அவனையும் ஊரில் இருந்து கூப்பிட அதே கோடுதான் என்று சொன்னேன். "அப்ப எங்களுக்குள்ளயாவது சமத்துவம் இருக்கு," என்றான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் நாட்டில் இது குற்றம் என்று எழுதி வைத்திருக்கிற சட்டத்தை, எங்களை ஆண்ட காலத்தில், கப்பலில் கொண்டுவந்து இறக்கியதே இந்த வெள்ளைக்காரர்கள்தான். கொண்டுவந்து நட்டுவிட்டு, இப்போது, ஐயோ உங்கள் நாட்டில் இன்னும் இந்த மரம் நிற்கிறதா என்று எங்களைப் பார்த்து மூக்கைச் சுழிக்கிறார்கள். அங்கேயிருந்து அந்தப் பயத்தில் ஓடிவந்து தஞ்சம் கேட்ட பிள்ளைகளை, ஊருக்குப் போய் மறைவாக இருந்துகொள் என்று சொல்லி அனுப்பப் பார்த்ததும் இதே நாடு. நீதிமன்றம் தடுத்திராவிட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆகவே, இந்த விஷயத்தில் யாராவது வானவில் ரிப்பன் குத்திக்கொண்டு சிரித்தால், நான் முதலில் அவருடைய கை எந்தப் பைக்குள் இருக்கிறது என்று பார்ப்பேன்.

3

போன வருசம், தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, நிலானி கதிரைகளை அடுக்க வந்தாள். கோண்டாவில் பிள்ளை. படிக்க வந்து, இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. சனிக்கிழமைகளில் சின்ன வகுப்புக்குத் தமிழ் படிப்பிப்பாள். மற்ற ஆசிரியர்கள் கதிரையை விட்டுவிட்டுப் போவார்கள், இவள் அடுக்குவாள்.

"மாமா, மேல்மாடி அறை ஒரு நாளைக்குக் கிடைக்குமோ?"

மேல்மாடியில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் கலியாணப் பதிவு செய்யக் கவுன்சில் அனுமதி தந்திருக்கிறது. பதிவாளர் நேரே வருவார். நாங்கள் இதை எழுத்து என்போம். தாலி கட்டு வேறு நாள் நடக்கும்.

"ஆற்ற எழுத்து?"

"என்ர."

சந்தோசத்தில் கையில் இருந்த கதிரையைக் கீழே வைத்தேன். "பெடியன் எவடம்?"

அவள் கதவடியைப் பார்த்தாள். அங்கே ரேவதி நின்றாள். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, கணினிக் கம்பெனி வேலை. நிலானியைக் கூட்டிப்போக அடிக்கடி வருவாள். ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற சிநேகிதிகள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ரேவதி வந்து நிலானியின் கையைப் பிடித்தபோதுதான் எனக்கு விளங்கியது. பிறகு என் வாயில் முதலில் வந்தது சந்தேகம்தான்.

"விசாவுக்கோ, பிள்ளை?"

நிலானியின் முகம் சுருங்கியது. ரேவதி மட்டும் சிரித்துவிட்டாள். "விசாவுக்குன்னா இவளை விட நல்ல பாஸ்போர்ட் வச்சிருக்கற ஆளாப் பாத்திருப்பேனே மாமா. ரெண்டு பேருக்கும் வேலை விசா இருக்கு. இவ கொடுக்கறது வெறும் புட்டுதான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. நிலானி சிரிக்கவில்லை. அவள் கேட்க வந்தது அறை மட்டுமில்லை.

"சாட்சிக்கு ரெண்டு பேர் நிக்கவேணும். நீங்களும் பவளம் மாமியும் நிப்பியளோ? வேற ஆரையும் கேக்க எனக்கு ஏலாது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முற்றாக்கியாச்சு, நாளும் வைச்சாச்சு. அது முடிஞ்ச கையோட நான் ஊருக்குப் போய் அம்மாவுக்கு முன்னால இருந்து நானே சொல்லுவன். அதுக்கு முதல் ஒரு படம் வெளிய போச்சுது எண்டால், தங்கச்சின்ர காரியமும் குழம்பிடும். அம்மாவும் வேற ஆற்றையோ வாயால கேள்விப்படுவா. அதை மட்டும் என்னால தாங்க ஏலாது மாமா."

யோசிச்சுச் சொல்லுறன் என்றேன்.

4

வீட்டில் அன்று சாப்பாட்டு மேசையே பாராளுமன்றமாகிவிட்டது. ஆரணிக்கு நிலானியைத் தெரியும். ஆரணி அந்தக் கவுன்சிலரின் கட்சிக்குத் தொண்டு வேலை செய்கிறவள். வீடு வீடாகத் தட்டுவாள்.

நான் என் கதையை எடுத்தேன். இந்தச் சட்டம் இவர்கள் வாக்குக்காகக் கொண்டுவந்தது, இதில் போய் நாங்கள் ஏன் கையெழுத்து வைக்கவேணும் என்று. உண்மையைச் சொன்னால் அந்தக் கதையின் பாதி எனக்குள் இருந்த கூச்சம். அரசியலைப் பேசினால் கூச்சத்தைப் பேசத் தேவையில்லை.

"அப்பா," என்றாள் ஆரணி, பாதி ஆங்கிலத்தில், "கெட்ட எண்ணத்தோட நல்ல சட்டம் கொண்டுவந்தவை ஓகே. நல்ல எண்ணத்தோட சும்மா இருந்தவையால ஆருக்கு யூஸ்?"

"கெட்ட எண்ணத்தோட தந்தவனுக்கு ஒருநாள் திருப்பி எடுக்கிறதும் லாபமாத் தெரியும். அண்டைக்கு எடுப்பான்."

"அதுக்குத்தானே நிலானியாக்கள் இப்பவே முடிக்கினம்."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

பவளம் எங்கள் இரண்டு பேரையும் கவனிக்காமல் கறிச்சட்டியை மூடினா. "எங்கட எழுத்துக்குக் குழந்தை மாமா நிண்டவர் ஞாபகமோ?" என்றா.

ஞாபகம் இல்லாமலோ. பருத்தித்துறையில் ஊரடங்கு நாள். பதிவாளர் சேட்டுக்குள் புத்தகத்தை மறைத்துக்கொண்டு சைக்கிளில் ஒழுங்கைக்குள்ளால் வந்தார். ஆமிக்காரன் ரோந்து வந்தால் இளம் பெடியன் என்று என்னைத்தான் முதலில் ஏற்றுவான். பவளத்தின் தாய்மாமன், குழந்தை மாமா என்போம், தன் சைக்கிளைப் படலைக்கு வெளியே கவிழ்த்துப் போட்டு ரியூப் ஒட்டுகிற மாதிரிக் குந்தி இருந்தார். ஓட்டை ஒன்றும் இல்லாத ரியூப். ஆமி வந்தால் காற்றடிக்கிற பம்மைக் கீழே போடுவார், சத்தம் கேட்டு நான் பின்வேலியால் பாயவேணும். எழுத்து முடியும்வரை அவர் உள்ளே வரவே இல்லை. ஆனால் எங்கள் ஊரில், இன்னாருக்கு எழுத்து முடிந்தது என்றால் அடுத்த கேள்வி, ஆர் நிண்டது என்பதுதான். எங்கள் எழுத்துக்கு ஆர் நிண்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாமியார் குழந்தை மாமாவின் பெயரைத்தான் சொன்னா. கையெழுத்து வைத்தவர்களின் பெயர் எனக்கே மறந்துவிட்டது.

"அந்த எழுத்தை எந்த அரசாங்கம் நல்ல எண்ணத்தோட பதிஞ்சது?" என்று கேட்டுவிட்டு பவளம் சட்டியைக் கொண்டுபோய்விட்டா.

அடுத்த சனிக்கிழமை நிலானியிடம், நாங்கள் நிக்கிறம் பிள்ளை என்றேன். அவள் கதிரையை அடுக்கிக்கொண்டே தலையாட்டினாள். தலை நிமிரவில்லை.

5

எழுத்து வெள்ளிக்கிழமை முற்பகல். மண்டபத்தில் வேறு நிகழ்ச்சி இல்லாத நாளாகப் பார்த்து நானே குறித்தது. பவளம் மேல்மாடி மேசைக்கு ஒரு புதுத் துணி விரித்து, குத்துவிளக்கு வைத்து, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்திருந்தா. பதிவாளர் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னா: கதவைப் பூட்டக் கூடாது. கலியாணம் நடக்கிற இடத்துக்கு யாரும் வரலாம், ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம், அதுதான் சட்டம்.

இந்த நேரத்தில் ஆரணி படியேறி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, டோன்ட் பீ மேட். கவுன்சிலர் வாறார். போட்டோகிராபரோட."

"ஆர் சொன்னது அவருக்கு?"

"நான்தான். நல்ல விஷயம், எங்கட மண்டபத்தில இப்பிடி முதல் கலியாணம் எண்டு பெருமையா ஒஃபீஸில சொன்னன். பேர்கூடச் சொல்லேல்லை. பிறைவட் எண்டும் சொன்னன். இப்ப மெசேஜ் வருது, வாழ்த்திப்போட்டு அஞ்சு நிமிசத்தில போறாராம். ஒரேயொரு படமாம். பிரசுரத்துக்காம்."

நிலானி கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நீலச் சீலை. ரேவதி அவளுடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். நிலானி அழவில்லை, கத்தவில்லை. "அப்ப விடுவம் மாமா. இன்னொரு நாளைக்கு வைப்பம்," என்றாள். குரல் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொல்லுகிற குரல் மாதிரி இருந்தது. ஒரு நாளை எடுக்க எவ்வளவு காலம் எழுதி அலைந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கதவைப் பூட்ட ஏலாது. அவரைத் திருப்பி அனுப்பவும் ஏலாது. மண்டபம் கவுன்சிலின் குத்தகையில் நிற்கிறது, புதுப்பிக்கிற வருசம் வேறு. மேலே போக வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்; ஏன் என்பதைச் சொன்னால் அதுவே இன்னொரு கதையாகி, பாவப்பட்ட தமிழ்ப் பெண்கள் என்று இன்னும் பெரிய படம் கேட்பார்.

இத்தனை வருசமாய்ச் சந்தேகப்பட்டதற்கு அன்றைக்கு ஒரு பயன் வந்தது. அந்த மனிதருக்கு என்ன வேணும் என்று எனக்குத் தெரியும். அவருக்குக் கலியாணம் தேவையில்லை. படம் தேவை. எங்கள் ஆட்களுக்கு என்ன வேணும் என்றும் எனக்குத் தெரியும்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது புரிய ஒரு விஷயம் சொல்லவேணும். இங்கே எங்கள் மண்டபத்துக்குள் ஒரு அரசியல்வாதி காலடி வைத்தால் பொன்னாடை போடாமல் வெளியே விடமாட்டோம். இதற்காகவே அலுமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. அவர்கள் பொன்னாடையைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். நான் மடித்து வைப்பேன். அது அடுத்த கட்சிக்காரரின் தோளில் ஏறும். ஒரு மஞ்சள் பொன்னாடை எல்லாக் கட்சியிலும் இருந்துவிட்டது. போடுகிற ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேசுவார்கள். பேசினால் ஒன்றும் அந்த இரண்டோடு நிற்காது.

சங்கத் தலைவர் செல்லையா மாஸ்டருக்குப் போன் அடித்தேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

"மாஸ்டர், கவுன்சிலர் மண்டபம் பார்க்க வாறார். படம் எடுக்கிறவரும் வாறாராம்."

"இப்பவோ? ஏன் முதலே சொல்லேல்லை? ஆரும் இல்லாமல் அவரை நீர் தனிய வரவேற்கிறதே? அவமானமெல்லோ. நில்லும், நான் எல்லாரையும் ஏத்திக்கொண்டு வாறன். பொன்னாடை இருக்கோ?"

"இருக்கு மாஸ்டர்."

"மைக்கைப் போட்டு வையும்."

ஆரணியைத் திரும்பிப் பார்த்தேன். "நான் கீழ போறன். எனக்குப் பதிலா நீ சாட்சிக்கு நில்லு. நீ திறந்து விட்டதை நீயே இருந்து முடி."

அவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள். நிலானி என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்கள் இருக்க மாட்டியளோ?"

"நான் இங்கதான் நிப்பன் பிள்ளை," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

6

கவுன்சிலர் வாசலால் வரவும், மாஸ்டரின் வான் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஆறேழு பேர் இறங்கினார்கள். ஒருவர் வேட்டியில், ஒருவர் வீட்டில் போட்டிருந்த ஜம்பரோடு. மாஸ்டரின் கையில் கோயிலில் இருந்து எடுத்த மாலை; விபூதித் தட்டும் அவரே கொண்டுவந்துவிட்டார்.

கவுன்சிலர் நெஞ்சில் அந்த வானவில் ரிப்பன். என்னைக் கண்டதும் கை தந்தார். "தம்பதிகள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் பதில் சொல்ல முதல் மாலை விழுந்தது. பெரிய மாலை. ரிப்பன் மறைந்துவிட்டது. மாஸ்டர் நெற்றியில் விபூதி பூசினார். முதல் பொன்னாடை. பிறகு வரவேற்புரை. மாஸ்டர் எங்கள் சங்கம் தொடங்கின காலத்தில் இருந்து ஆரம்பித்தார். படக்காரர் பாவம், வேறு என்ன செய்வது, இதையே எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் படிக்கட்டுக் கதவடியில் நின்றேன். பூட்டவில்லை. சட்டம் சட்டம்தான். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

இரண்டாம் பொன்னாடைக்குப் பிறகு அவர் மெல்ல என் பக்கம் நகர்ந்தார். "மேலே ஏதோ நடக்கிறதாமே?"

"இருங்கோ, இன்னும் பொருளாளர் பேசேல்லை," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்குள் மாஸ்டர் அவரின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். பொருளாளர் மண்டபத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றியும், வாகனம் நிறுத்த இடம் இல்லாததைப் பற்றியும் பேசினார். குத்தகையைப் புதுப்பித்துத் தருவதாகக் கவுன்சிலர் வாக்குக் கொடுத்தால் ஐந்நூறு குடும்பமும் அவருக்கே என்றார். ஐந்நூறு குடும்பத்தை அவர் எங்கே கண்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட உடனே கவுன்சிலரின் கண் படிக்கட்டை விட்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் மேலே பார்க்கவே இல்லை.

அந்த ஒரு கணம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேலே இரண்டு பேர். கீழே ஐந்நூறு. அவர் கணக்குப் பார்த்து முடித்ததை நான் கண்ணால் கண்டேன். குடும்பம் என்பது எவ்வளவு புனிதமானது, உங்கள் சமூகத்திடம் நாங்கள் படிக்க வேணும் என்று பதிலுரை தொடங்கினார்.

எனக்குப் பின்னால், கதவுக்கு அங்கால், மேலே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ரேவதியினுடையது. பிறகு கை தட்டல், மெதுவாக. பவளம் வெற்றிலைத் தட்டைக் கொடுக்கிறபோது சொல்லுகிற அந்த வழக்கமான நல்லாயிருங்கோ கேட்கவில்லை, ஆனால் சொல்லியிருப்பா.

நிலானியும் ரேவதியும் குசினிப் பக்கத்துப் படியால் இறங்கிப் போனார்கள். கவுன்சிலர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுத்தில் ஒரு படமும் எடுபடவில்லை. பிள்ளைகள் தாங்களும் எடுக்கவில்லை, கைத்தொலைபேசியில் இருந்தால் எப்படியும் வெளியே போய்விடும் என்று நிலானிக்குப் பயம். போகும்போது கவுன்சிலர் ரிப்பனை மாலையோடு கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பொன்னாடைகளை மடித்து அலுமாரியில் வைத்தேன். ரிப்பனை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆரணி வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்குப் பிறகு அவள் அந்தக் கட்சிக்குக் கதவு தட்டப் போகவில்லை. வேறு கட்சிக்கும் போகவில்லை. அது நல்லதோ கெட்டதோ என்று நான் கேட்கவில்லை.

7

தங்கச்சியின் கலியாணம் ஒழுங்காக முடிந்தது. பிறகு நிலானி ஊருக்குப் போனாள். குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டு இருந்தபோது பக்கத்தில் இருந்து சொன்னாளாம். அம்மா துருவலை நிறுத்தவில்லையாம். பிறகு அவள் திரும்பி வந்து கிழமைக்கணக்காக அம்மா போனை எடுக்கவில்லை. தங்கச்சிதான் எடுத்து, அம்மா சுகம் என்பாளாம்.

போன மாசம் ஒருநாள் அம்மாவே போனை எடுத்திருக்கிறா. சாப்பிட்டியோ என்று கேட்கவில்லை. குளிரோ என்று கேட்கவில்லை.

"எழுத்துக்கு ஆர் நிண்டது?" என்று கேட்டிருக்கிறா.

"தேவா மாமா எண்டு, தமிழ் வகுப்பு மண்டபத்து மாமா. அவர் நிண்டவர் அம்மா."

பிறகு, "பெரியாக்கள் ஒருத்தரும் இல்லாமல் செய்தனியோ எண்டு நினைச்சன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டா. அதற்கு மேல் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இப்போது போன் எடுக்கிறா. நிலானி இதை என்னிடம் சொல்லும்போதுதான், எழுதுங்கோ மாமா என்றாள்.

என் சந்தேகம் ஒன்றும் குறையவில்லை. இந்தத் தேர்தலில் எங்கள் தெருவுக்குப் பாரம்பரியம், ஆரணியின் தெருவுக்கு வானவில். நாளைக்கு எந்தத் தெருவில் வாக்குக் கூடவோ அந்தத் தெருவின் பக்கம் அந்த மனிதர் திரும்புவார். கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறதில் வாக்கு இருக்கென்றால் அதையும் ஒருநாள் செய்வார்கள், மாலை போட்டுக்கொண்டே செய்வார்கள். மண்டபத்துக் குத்தகையை இன்னும் புதுப்பித்துத் தரவில்லை.

அந்தப் பிரசுரத்தைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். கவுன்சிலர் நடுவில் சிரிக்கிறார். மஞ்சள் பொன்னாடை மேலே. மாஸ்டர் மைக்கோடு. வீட்டுக்கு வருகிறவர்கள், என்ன அண்ணை கட்சியில சேர்ந்திட்டியளோ என்று கேட்கிறார்கள். நிலானியும் ரேவதியும் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார்கள். ரேவதி அதைப் பார்த்துவிட்டு, "ஐய, இந்த ஆளை ஏன் மாமா வீட்ல மாட்டியிருக்கீங்க?" என்றாள்.

நான் விரலால் காட்டினேன். படத்தின் இடது மூலையில், ஆட்களுக்குப் பின்னால், ஒரு மண்ணிறக் கதவு. கதவுக்கு முன்னால் என் ஒரு தோள், ஒரு காது, கைப்பிடியைப் பிடித்திருக்கிற கை.

நிலானி கிட்டப் போய்க் கனநேரம் பார்த்தாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, கவுன்சிலரை வெட்டிவிட்டு, அந்த மூலையை மட்டும் படம் எடுத்தாள்.

"அம்மாவுக்கு அனுப்பப்போறன்," என்றாள். "என்ர எழுத்துப் படம்."